கடலையே நம்பி வாழும் நாடு

அரபிக் கடலிலிருந்து ஓமான் வளைகுடா வழியாக வடமேற்கே செல்லும் கப்பல், ஹோர்முஸ் என்னும் குறுகிய நீரிணையைக் கடந்து பாரசீக வளைகுடாவினுள் நுழைகின்றது. அவ்வளைகுடாவின் தென்கரையில், அரேபியப் பெருநிலத்திலிருந்து வடக்கு நோக்கி நீட்டிய கட்டைவிரலைப் போன்று ஒரு சிறு தீபகற்பம் கடலுக்குள் நிற்கின்றது. அதுவே கத்தார் நாடு. அந்நாட்டின் நிலஇயல்பு, ஆட்சிமுறை, பொருளாதாரம் ஆகிய மூன்றையும் பற்றி இன்று நேயர்களுடன் சிறிது பேச விரும்புகின்றோம்.

எங்கோ இருக்கும் ஒரு பாலைநிலத்தைப் பற்றி நாம் ஏன் அறிந்துகொள்ள வேண்டும் என்று சிலர் கேட்கலாம். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. கத்தாரிலிருந்து கப்பலில் வரும் இயற்கை வாயு குஜராத் மாநிலத்தின் தஹேஜ் துறைமுகத்தில் இறங்கி, குழாய்களின் வழியே நம் நாட்டின் மேற்கிலும் வடக்கிலும் பரவுகின்றது. அகமதாபாதிலோ தில்லியிலோ வாழும் தமிழ்க் குடும்பத்தின் அடுப்பில் குழாய்வழி எரியும் நீலச் சுடருக்கு, அந்தப் பாலைநிலத்தோடு உறவு இருக்கக்கூடும். இது முதற் காரணம். ஊரை விட்டு வந்து பிழைக்கும் நம்மவருள் பலருக்கு அண்ணனோ, மைத்துனனோ, அக்காள் மகனோ வளைகுடாவில் இருப்பது இன்று வியப்பான செய்தியன்று. ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கத்தாரில் பணிபுரிகின்றனர். இது இரண்டாவது காரணம்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். கத்தாரின் பரப்பு ஏறத்தாழ 11,600 சதுர கிலோமீட்டர். நம் திரிபுரா மாநிலத்தைவிடச் சிறிதே பெரியது. தமிழ்நாட்டின் பரப்பில் பதினொன்றில் ஒரு பங்கு. தெற்கு வடக்காக 160 கிலோமீட்டர் நீளமும், அகன்ற இடத்தில் 80 கிலோமீட்டரை ஒட்டிய அகலமும் உடையது. மூன்று புறமும் கடல்; தெற்கே மட்டும் சவூதி அரேபியாவோடு நில எல்லை. காலையில் காரில் புறப்பட்டால் நண்பகலுக்குள் நாட்டைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்துவிடலாம்.

இந்த நிலத்தில் மலை இல்லை, ஆறு இல்லை, ஏரியும் இல்லை. மிக உயர்ந்த இடமே கடல் மட்டத்துக்கு மேல் 103 மீட்டர்தான். மேற்குக் கரையை ஒட்டித் துகான் என்னும் தாழ்ந்த குன்றுத் தொடர் ஒன்று ஓடுகின்றது. நடுப்பகுதி பெரும்பாலும் சரளைக்கல் பரந்த வெறுநிலம். தெற்கே மணற்குன்றுகளும், உப்புப் பூத்த சதுப்புகளும் உள்ளன. தென்கிழக்கு மூலையில் கோர் அல் உதைத் என்ற இடத்தில் கடல் மணற்குன்றுகளுக்கிடையே புகுந்து, உள்நாட்டுக் கடல்போல் தேங்கி நிற்பது காணத்தக்க காட்சியாகும். ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 80 மில்லிமீட்டர் அளவே. சென்னையில் ஐப்பசி கார்த்திகையில் ஒரே நாளில் அதைவிட மிகுதியாகப் பெய்வதை நாம் அறிவோம். கோடையில் வெப்பம் 45 பாகையைத் தாண்டும். கடலை ஒட்டிய நாடாதலின் அவ்வெப்பத்தோடு ஈரப்புழுக்கமும் கலந்து நிற்கும். வடமேற்கிலிருந்து வீசும் ‘ஷமால்’ என்னும் காற்று புழுதியை வாரிக் கொண்டுவரும்.

எஞ்சிய சிறு மழைநீர் வந்து தேங்கும் பள்ளங்கள் சில உண்டு. அவற்றை ‘ரௌதா’ என்பர். வண்டல் படிந்த அப்பள்ளங்களில்தான் பேரீச்சையும் காய்கறியும் சிறிதளவு விளைந்தன. ஆட்டு மந்தைகளும் ஒட்டகங்களும் அங்கேயே மேய்ந்தன. நிலம் இவ்வாறு கைவிரித்து நின்றமையால் மக்கள் கடலை நோக்கினர். கத்தாரின் வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால், ஒவ்வொரு காலத்திலும் கடலே அதற்குச் சோறிட்டு வந்திருப்பது தெரியும். முதலில் முத்து, பின்னர் கடலடியில் கிடைத்த வாயு, இன்று கடல்நீரைக் காய்ச்சியும் வடித்தும் பெறும் குடிநீர். இந்த மூன்றையும் தொடர்ந்து சென்றாலே அந்நாட்டின் கதை விளங்கிவிடும்.

கொற்கை முத்தைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு முத்துக்குளிப்பு புதிய தொழிலன்று. மன்னார் வளைகுடாவும் பாரசீக வளைகுடாவும் பழைய உலகின் இரண்டு பெரும் முத்துக் களங்களாக விளங்கின. கத்தாரில் கோடைக்காலமே முத்துக்குளிக்கும் பருவம். ஆடவர் பெரும்பாலோர் தோணிகளில் ஏறி நான்கு மாத காலம் கடலிலேயே தங்குவர். தோணித் தலைவனுக்கு ‘நாகுதா’ என்று பெயர். பாரசீகத்திலிருந்து வந்த இச்சொல், நம் கீழைக் கடற்கரை ஊர்களிலும் ‘நகுதா’ என்ற வடிவில் வழங்கியதே. குளிப்பவன் மூக்கில் இடுக்கி மாட்டி, காலில் கல் கட்டிய கயிற்றைப் பற்றி ஆழத்தில் இறங்குவான். மேலே நிற்பவன் மற்றொரு கயிற்றால் அவனை இழுத்து ஏற்றுவான். ஒரு நாளில் பல பத்து முறை இவ்வாறு இறங்கி ஏற வேண்டும்.

இத்தொழிலில் கிடைத்த செல்வம் குளித்தவனுக்குச் சென்று சேரவில்லை. பருவம் தொடங்குமுன் குடும்பச் செலவுக்கென நாகுதாவிடம் முன்பணம் வாங்குவான். நாகுதா முத்து வணிகனிடம் கடன்பட்டிருப்பான். பருவம் முடிந்து கணக்குப் பார்க்கும்பொழுது, குளித்தவன் பங்கு பழைய கடனுக்கே சரியாகப் போகும். பல ஆண்டுகளில் அதற்கும் போதாது. தந்தையின் கடன் மகன் தலையில் ஏறுவதும் உண்டு. அந்த முத்துகளோ பம்பாய்ச் சந்தைக்கு வந்து, அங்கிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றன. கடன் கட்டிப்போட்ட உழைப்பு என்ற இச்செய்தியை நேயர்கள் நினைவில் வைக்க வேண்டுகின்றோம்; பின்னால் மீண்டும் இதற்கு வருவோம்.

1920களில் ஜப்பானியர் மிகிமோட்டோ கண்ட முறையில் வளர்த்த செயற்கை முத்துகள் உலகச் சந்தையில் வந்து குவிந்தன. 1929இல் தொடங்கிய பொருளாதார மந்தம் அணிகலன் வாங்குவோரைக் குறைத்தது. இவ்விரண்டு அடிகளும் ஒருசேர விழவே, கத்தாரின் ஒரே தொழில் சில ஆண்டுகளில் நலிந்தது. ஊர்கள் வெறிச்சோடின, குடும்பங்கள் அண்டை நாடுகளுக்குப் பெயர்ந்தன. ஒரே பொருளை நம்பி வாழும் நாடு, அப்பொருளுக்கு மாற்று ஒன்று எங்கோ கண்டுபிடிக்கப்பட்டதும் எவ்வாறு தத்தளிக்கும் என்பதைக் கத்தார் அன்றே பட்டறிந்தது.

இனி எண்ணெய்க்கு வருவோம். 1935இல் ஆட்சித் தலைவர் ஷேக் அப்துல்லா பின் ஜாசிம், ஆங்கிலோ பாரசீக எண்ணெய் நிறுவனத்துக்கு எண்ணெய் தேடும் உரிமையை வழங்கினார். 1939இல் துகான் பகுதியில் எண்ணெய் கிடைத்தது. அதற்குள் இரண்டாம் உலகப்போர் மூண்டதால் கிணறுகள் மூடப்பட்டன. போர் முடிந்து வேலை மீண்டும் தொடங்கி, 1949 டிசம்பர் மாத இறுதியில்தான் முதல் எண்ணெய்க் கப்பல் புறப்பட்டது. வறுமையில் வாடிய மக்களுக்குப் பள்ளியும் மருத்துவமனையும் மின்சாரமும் அதன் பின்னரே வந்தன.

இவ்விடத்தில் நம் நாட்டோடு கத்தாருக்கு இருந்த ஒரு பழைய தொடர்பையும் சொல்ல வேண்டும். அந்நாளில் வளைகுடாவில் செலாவணியாக வழங்கியது நம் இந்திய ரூபாயே. பிரிட்டிஷார் வளைகுடா விவகாரங்களை 1947 வரை இந்திய அரசாங்கத்தின் வாயிலாகவே நடத்தி வந்தனர். தங்கக் கடத்தலால் ரூபாய் வெளியே கசிவதைத் தடுக்க, 1959இல் இந்திய ரிசர்வ் வங்கி வளைகுடா நாடுகளுக்கென்றே வேறு நிறத்தில் தனி ரூபாய்த் தாள்களை அச்சிட்டது. 1966 ஜூன் மாதம் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தபொழுது, அங்குள்ளோர் கையிலிருந்த பணத்தின் மதிப்பும் ஒரே நாளில் குறைந்துபோயிற்று. அவ்வாண்டிலேயே கத்தாரும் துபாயும் சேர்ந்து தமக்கெனத் தனி ரியாலை வெளியிட்டன. 1973 முதல் கத்தார் ரியால் தனி நாணயமாக வழங்கி வருகின்றது.

ஆட்சியின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோஹாவில் தலைமை பெற்றது அல் தானி குடும்பம். 1868இல் முகமது பின் தானி பிரிட்டிஷ் அதிகாரி லூயி பெல்லியுடன் ஓர் உடன்பாடு செய்துகொண்டார். 1871இல் துருக்கியர் படை வந்தது; முதல் உலகப்போர்க் காலத்தில் அது வெளியேறியது. 1916இல் கத்தார் பிரிட்டனின் பாதுகாப்பை ஏற்றது. சூயஸுக்குக் கிழக்கே உள்ள படைகளைத் திரும்பப் பெறுவதாக 1968இல் பிரிட்டன் அறிவித்தபொழுது, கத்தாரும் பஹ்ரைனும் அண்டைச் சிற்றரசுகள் ஏழும் சேர்ந்து ஒரே கூட்டாட்சி அமைக்கும் பேச்சு நடந்தது. அது கைகூடவில்லை. 1971 செப்டம்பர் 3ஆம் நாள் கத்தார் தனி நாடாகச் சுதந்திரம் அறிவித்தது.

நாட்டின் தலைவருக்கு அமீர் என்று பெயர். இப்பதவி அல் தானி குடும்பத்தின் ஆண்வழியில் வருவது. ஆயினும் தந்தைக்குப் பின் மகன் என்ற முறை எப்பொழுதும் அமைதியாக நடந்துவிடவில்லை. 1972இல் ஷேக் கலீபா தம் உறவினரை அகற்றி ஆட்சியைக் கைப்பற்றினார். 1995இல் அவர் வெளிநாட்டில் இருந்தபொழுது அவருடைய மகன் ஷேக் ஹமது ஆட்சியை எடுத்துக்கொண்டார். 2013இல் ஷேக் ஹமது தாமாகவே விலகித் தம் மகன் ஷேக் தமீமிடம் பொறுப்பை ஒப்படைத்தார். உயிரோடிருக்கும் ஆட்சியாளர் ஒருவர் மனமுவந்து பதவி விலகுவது அப்பகுதியில் அரிய செயலாகும்.

பிரதம மந்திரியையும் மந்திரிகளையும் அமீரே நியமிக்கின்றார். அரசியல் கட்சிகளுக்கு இடமில்லை. சட்டத்தின் முதன்மையான ஊற்று இஸ்லாமியச் சட்டநெறி என அரசியலமைப்பு கூறுகின்றது. 1999இல் நகராட்சி மன்றத்துக்கு நடந்த தேர்தலில் ஆண் பெண் இருபாலரும் வாக்களித்தனர். 2003இல் பொதுவாக்கெடுப்பின் வழியாக ஏற்கப்பட்ட அரசியலமைப்பு, ஷூரா என்னும் ஆலோசனை மன்றத்தில் 45 உறுப்பினர் இருக்க வேண்டும் என்றும், அவர்களுள் 30 பேரை மக்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் விதித்தது. ஆயினும் அத்தேர்தல் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2021 அக்டோபரில்தான் நடந்தது.

அத்தேர்தலில் நிகழ்ந்ததை நாம் கவனிக்க வேண்டும். 1930க்கு முன் கத்தாரில் குடியிருந்தோரின் வழித்தோன்றல்களுக்கே முழு உரிமை என்ற விதியால், சில குலத்தார் தாம் விலக்கப்பட்டதாக முறையிட்டனர். போட்டியிட்ட பெண்களுள் ஒருவரும் வெற்றி பெறவில்லை. அமீர் நியமித்தவர்களுள் இருவர் பெண்கள். மூன்றாண்டுகளுக்குப் பின், 2024 நவம்பரில் மற்றுமொரு பொதுவாக்கெடுப்பு நடந்தது. தேர்தல் வேண்டாம், உறுப்பினரை முன்போல் அமீரே நியமிக்கட்டும் என்ற திருத்தம் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட வாக்குகளால் ஏற்கப்பட்டது. தேர்தல் குலங்களுக்கிடையே பிளவை உண்டாக்கிற்று என்பது அரசு தந்த காரணம். குடிமக்களின் குரல் ஒலிக்க இருந்த ஒரு வழியும் அடைபட்டது என்பது மறுதரப்பார் கூற்று. வாக்குச்சாவடியின் முன் வரிசையில் நின்று பழகிய நாம் இவ்விரண்டையும் சீர்தூக்கிப் பார்க்கலாம்.

கத்தார் குடிமகன் வருமான வரி கட்டுவதில்லை. கல்வியும் மருத்துவமும் அவனுக்கு அரசின் பொறுப்பு. வரி வாங்காத அரசு கணக்குச் சொல்லவும் கடமைப்படுவதில்லை என்று அரசியல் அறிஞர் கூறுவதுண்டு. அக்கூற்றின் உண்மையை ஆராயக் கத்தார் நல்லதோர் எடுத்துக்காட்டு. அவ்வளவு தாராளமாக வழங்கச் செல்வம் எங்கிருந்து வந்தது என்பதை இனிப் பார்ப்போம்.

சுதந்திரம் பெற்ற அதே 1971ஆம் ஆண்டில், தீபகற்பத்தின் வடகிழக்கே கடலடியில் எண்ணெய் தேடிய ஷெல் நிறுவனம் மிகப் பெரிய வாயுக் களத்தைக் கண்டது. ‘வடக்குக் களம்’ எனப்படும் அதில் கத்தாருக்குரிய பகுதியே ஏறத்தாழ 6,000 சதுர கிலோமீட்டர். அதாவது அந்நாட்டு நிலப்பரப்பில் பாதி. அதன் வடபகுதி ஈரானுக்குரியது. அங்கே அதற்குத் தென் பார்ஸ் என்று பெயர். உலகிலேயே மிகப் பெரிய வாயுக் களம் இதுவே. இன்று வாயு இருப்பில் ரஷ்யாவுக்கும் ஈரானுக்கும் அடுத்த இடத்தில் கத்தார் நிற்கின்றது.

ஆயினும் கண்டுபிடித்த அன்று எவரும் விழாக் கொண்டாடவில்லை. தேடியது எண்ணெய், கிடைத்ததோ வாயு. எண்ணெயைப் பீப்பாயில் அடைத்து எங்கும் அனுப்பலாம். வாயுவை அனுப்பக் குழாய் வேண்டும். வாங்கும் நாடுகளோ கடல்களுக்கு அப்பால் இருந்தன. இருபது ஆண்டுகள் அக்களம் பெரும்பாலும் தீண்டப்படாமலே கிடந்தது. 1991இல் உள்நாட்டுத் தேவைக்காக முதன்முதலில் வாயு எடுக்கப்பட்டது.

சிக்கலை அவிழ்த்தது குளிர். இயற்கை வாயுவைப் பூச்சியத்துக்குக் கீழ் 162 பாகை வரை குளிரச் செய்தால் அது திரவமாகி விடுகின்றது. அதன் பருமன் அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்குகின்றது. ஒரு பெரிய கூடத்தை நிரப்பும் வாயுவை ஒரு சிறு பெட்டிக்குள் அடைப்பது போன்றது இது. குளிர்காக்கும் சுவர்கள் கொண்ட கப்பல்களில் அதை ஏற்றி, சேருமிடத்தில் மீண்டும் வெப்பமூட்டி வாயுவாக்கிக் குழாயில் விடுவர். முறை எளிது, செலவோ மிகப் பெரிது. கூட்டுச் சேர்ந்திருந்த பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனம் 1992இல் விலகிக்கொண்டது. கத்தார் பெருங்கடன் வாங்கி, ராஸ் லபான் என்னும் வடகரையில் துறைமுகமும் ஆலைகளும் கட்டிற்று. ஜப்பானின் மின் நிறுவனம் ஒன்று நெடுங்கால ஒப்பந்தத்தில் வாங்க முன்வந்தது. 1997 ஜனவரியில் முதற் கப்பல் ஜப்பான் சேர்ந்தது. முத்துத் தொழிலை நலியச் செய்த அதே ஜப்பான், வாயுத் தொழிலுக்கு முதல் வாடிக்கையாளராக வந்தது வரலாற்றின் விளையாட்டு.

அதன் பின் வளர்ச்சி விரைந்தது. 2006இல் திரவ வாயு ஏற்றுமதியில் உலகின் முதலிடத்தைக் கத்தார் பிடித்தது. 2011 அளவில் ஆண்டுக்கு 7 கோடியே 70 இலட்சம் டன் திரவமாக்கும் திறன் பெற்றது. பின்னர் ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும் போட்டிக்கு வந்தன. களத்தை அளவுக்கு மீறிச் சுரண்டலாகாது என்று 2005இல் புதிய திட்டங்களை நிறுத்தி வைத்த கத்தார், 2017இல் அத்தடையை நீக்கி, இத்திறனை ஏறத்தாழ இரு மடங்காக்கத் திட்டமிட்டது. 2019 ஜனவரியில் எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் அமைப்பிலிருந்து விலகி, வாயுவே தன் வழி என்று அறிவித்தது. வாயுவோடு கலந்து வரும் ஹீலியமும் பிரித்தெடுக்கப்படுகின்றது. மருத்துவமனைகளில் உடலின் உட்பகுதியைப் படமெடுக்கும் காந்தக் கருவிகளைக் குளிர்விப்பது அது. யூரியா உரமும், வாயுவிலிருந்து செய்யும் டீசலும் பிற விளைபொருள்கள்.

இந்தியாவுடன் செய்த உடன்பாடு இதில் முக்கியமானது. 1999இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி 2004 முதல் தஹேஜ் துறைக்குத் திரவ வாயு வரத் தொடங்கிற்று. ஆண்டுக்கு 75 இலட்சம் டன் என்ற அவ்வளவை 2028 முதல் மேலும் இருபது ஆண்டுகளுக்கு நீட்டிக்கும் உடன்பாடு 2024 பிப்ரவரியில் ஏற்பட்டது.

கடலின் மூன்றாவது கொடை தண்ணீர். கத்தாரில் வீடுகளுக்கு வரும் குடிநீர் ஏறக்குறைய முழுவதும் கடல்நீரிலிருந்து உப்பு நீக்கிப் பெறுவதே. அதற்கு வேண்டிய வெப்பத்தையும் மின்சாரத்தையும் வாயு தருகின்றது. எனவே வாயு நின்றால் விளக்கு மட்டும் அணையாது, குழாயும் வறண்டுவிடும். வளைகுடாவில் எண்ணெய் பெருமளவில் கொட்டினாலும் இதே ஆபத்து. இதை உணர்ந்தே பல நாட்களுக்குப் போதுமான நீரைச் சேமிக்கும் மாபெரும் தொட்டிகளை 2018இல் திறந்தனர்.

செல்வம் பெருகியவுடன் நாட்டின் தோற்றமும் மாறிற்று. 1996இல் அல் ஜசீரா தொலைக்காட்சி தொடங்கியது. 2005இல் அமைந்த முதலீட்டு நிறுவனம் எதிர்காலத் தலைமுறைக்கென உலகெங்கும் சொத்து வாங்கிச் சேர்க்கின்றது. அது 2010இல் லண்டனின் புகழ்பெற்ற ஹாரட்ஸ் அங்காடியை வாங்கியது. 2008இல் வகுத்த ‘தேசிய நோக்கு 2030’ என்ற திட்டம், வாயு ஒன்றையே நம்பாத பொருளாதாரத்தைக் குறிக்கோளாகக் கொண்டது. முத்து கற்பித்த பாடத்தை மறக்கவில்லை என்பதற்கு இவை சான்று. ஆயினும் அரசின் வருவாயில் பெரும்பங்கு இன்றளவும் எண்ணெயும் வாயுவும் தருவதே.

சிறிய நாடு பெருஞ்செல்வத்தோடு வாழ்வது எளிதன்று. 2017 ஜூன் 5ஆம் நாள் சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், பஹ்ரைன், எகிப்து ஆகிய நான்கும் கத்தாருடன் உறவை முறித்தன. ஒரே நில எல்லை மூடப்பட்டது. கடைகளில் பால் தீர்ந்தது. விமானத்தில் பசுக்களைக் கொண்டுவந்து பாலைவனத்தில் பால் பண்ணை அமைத்தனர். இவ்வளவு பகைமைக்கிடையிலும் அமீரகத்துக்குச் செல்லும் வாயுக் குழாயைக் கத்தார் அடைக்கவில்லை; அமீரகமும் வாங்குவதை நிறுத்தவில்லை. 2021 ஜனவரியில் பகைமை தீர்ந்தது. அமெரிக்கப் படைத்தளத்துக்கு இடம் கொடுத்துவிட்டு, வாயுக் களத்தை ஈரானோடு பங்கிட்டுக்கொண்டு, இரு தரப்பாரோடும் பேசும் நிலையில் கத்தார் தன்னை அமைத்துக்கொண்டது. அந்த நடுநிலையும் முழுக் காப்பாகவில்லை. 2025 ஜூனில் ஈரானின் ஏவுகணைகள் அத்தளத்தை நோக்கிப் பாய்ந்தன. செப்டம்பரில் இஸ்ரேல் தோஹாவிலேயே தாக்கியது. கத்தாரின் திரவ வாயுக் கப்பல்களுக்கு ஹோர்முஸ் நீரிணையைத் தவிர வேறு வழியில்லை. அங்கே போர்மேகம் சூழ்ந்தால் அந்நாட்டின் உயிர்நாடியே அதிர்கின்றது. நம் ஊர் அடுப்புகளும் அதை உணர்கின்றன.

இனி மக்களைப் பற்றிச் சொல்லி முடிக்கின்றோம். கத்தாரில் வாழ்வோர் ஏறத்தாழ 30 இலட்சம் பேர். அவர்களுள் குடிமக்கள் எட்டில் ஒரு பங்கும் இல்லை. ஏனையோர் இந்தியா, நேபாளம், வங்காளதேசம், பிலிப்பைன்ஸ், எகிப்து, இலங்கை முதலிய நாடுகளிலிருந்து பணிக்கு வந்தவர்கள். 2022ஆம் ஆண்டு உலகக் கால்பந்துப் போட்டிக்கான அரங்குகளையும், 2019இல் ஓடத் தொடங்கிய மெட்ரோ இரயிலையும் கட்டிய கைகள் பெரும்பாலும் இவர்களுடையவை.

இவர்களைப் பிணித்திருந்த முறைக்குக் ‘கபாலா’ என்று பெயர். வேலைக்கு அழைத்த முதலாளியே பொறுப்பாளர். அவர் இசைவின்றி வேலை மாறவும் இயலாது, நாடு திரும்பவும் இயலாது. உலகெங்கும் எழுந்த கண்டனத்தின் பின் இம்முறை படிப்படியாகத் தளர்த்தப்பட்டது. 2018இல் பெரும்பாலோருக்கு வெளியேறும் அனுமதிச் சீட்டு நீக்கப்பட்டது. 2020இல் முதலாளியின் இசைவின்றியே வேலை மாறலாம் என்ற சட்டம் வந்தது. 2021 மார்ச் முதல் குறைந்த ஊதியம் மாதம் 1,000 ரியால் எனவும், உணவும் இருப்பிடமும் தராவிடில் அவற்றுக்கு முறையே 300, 500 ரியால் சேர்த்துத் தர வேண்டும் எனவும் விதிக்கப்பட்டது. கோடையில் நண்பகல் வேளையில் வெட்டவெளி வேலைக்குத் தடை உண்டு.

சட்டம் எழுதியாயிற்று; ஆயினும் ஏட்டில் உள்ளது எல்லா இடத்திலும் நடைமுறைக்கு வந்துவிடவில்லை என்பதைப் பணியாளர் அமைப்புகள் தொடர்ந்து சுட்டிக்காட்டி வருகின்றன. இதைவிட ஆழமான துன்பம் ஒன்று கத்தாருக்கு வெளியே, நம் ஊரிலேயே தொடங்குகின்றது. தரகருக்குக் கொடுக்க வட்டிக்குப் பணம் வாங்கி, நகையை அடகு வைத்து விமானம் ஏறுபவன், முதல் ஓராண்டு உழைப்பைக் கடனுக்கே கொடுக்கின்றான். கடன்பட்டவன் ஊதியம் குறைந்தாலும் வாய் திறவான்; வெயில் கடுமையானாலும் வேலையை விடான். முன்பு முத்துக்குளித்த அராபியனை நாகுதாவின் கணக்கேடு எவ்வாறு கட்டியதோ, அவ்வாறே இவனையும் தரகனின் கடன் கட்டுகின்றது.

ஆகவே வளைகுடாவுக்குப் போக எண்ணுவோர் சிலவற்றை உறுதியாகச் செய்ய வேண்டும். தரகர் இந்திய அரசில் பதிவு பெற்றவர்தாமா என்று பார்க்க வேண்டும். சுற்றுலா அனுமதியில் சென்று வேலை தேடுதல் ஆகாது. 2019இல் சென்னை, மும்பை, தில்லி, கொல்கத்தா உள்ளிட்ட ஏழு நகரங்களில் கத்தார் அரசு அனுமதி மையங்களைத் திறந்தது. புறப்படுமுன்னரே வேலை ஒப்பந்தத்தைப் பணியாளர் தம் மொழியில் படித்துக் கையெழுத்திட வேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். ஒப்பந்தத்தின் பிரதியொன்றைத் தாமும் வைத்துக்கொண்டு, வீட்டாரிடமும் ஒன்றைக் கொடுத்துச் செல்வது நன்று. கடவுச்சீட்டைப் பிறர் கையில் விட்டுவிடுதல் கூடாது. பிற மாநிலங்களில் வேலை செய்து, ஒப்பந்தமும் கூலிக் கணக்கும் அறிந்த நம்மவர், ஊரிலிருந்து புறப்படும் தம்பிமார்க்கு இவற்றை எடுத்துச் சொன்னால் அது பேருதவியாகும்.

மழையில்லாத நிலத்தில் கடலையே வயலாக்கி வாழக் கற்றவர்கள் கத்தார் மக்கள். ஒரு முறை முழுவதும் இழந்து, மறுமுறை பெருஞ்செல்வம் பெற்றவர்கள். அச்செல்வத்தை நாளைக்கென்று சேமிக்கும் முன்யோசனை அவர்களிடம் இருக்கின்றது. அதை ஈட்டித் தருவோருள் பத்தில் ஒன்பது பேர் அங்கே விருந்தினராகவே வாழ்கின்றனர் என்பதும், ஆட்சியில் குடிமக்களுக்குக்கூடக் குரல் சுருங்கியது என்பதும் அந்நாட்டின் முன் நிற்கும் வினாக்கள். அவற்றுக்கு விடை காண வேண்டியவர்கள் அவர்களே. நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு: அங்கே செல்லும் நம் பிள்ளை, கடனைச் சுமக்காமல் கணக்கை அறிந்து செல்லுமாறு பார்த்துக்கொள்வது.